நாதியற்ற நாய்க்கு ஒரு வீடு

அரசர் செய்த போர்களையும் அமைச்சர் செய்த உடன்படிக்கைகளையும் வரலாறு மறவாது எழுதி வைக்கிறது. ஓர் இல்லத்தின் அடுக்களையிலே நிகழ்ந்த சிறு செயலை அது எளிதிற் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் அடுக்களையிலே தொடங்கிய ஒரு செயல், சில வேளைகளில், நூற்றாண்டு கடந்தும் நிலைத்துவிடுகிறது. தெருவில் அலைந்த நாய்களுக்கென ஒரு காப்பகம் அமைத்து, அங்கிருந்து ஒன்றைத் தெரிந்தெடுத்து வந்து, அதற்குப் பேரிட்டுப் பிள்ளை போல் வளர்க்கும் வழக்கம் அத்தகையது.

இன்று உலகின் பல நகரங்களிலே நாய் வளர்க்க விரும்புவோர் பலர் விலை கொடுத்து வாங்கும் இடத்தை நாடுவதில்லை. காப்பகத்தை நாடிச் செல்கின்றனர். அங்கே கம்பிக் கதவின் பின்னால், தாய் எவ்வினம், தந்தை எவ்வினம் என்று எவராலும் சொல்ல முடியாத ஒரு சிறு நாய் நின்று வாலாட்டுகிறது. வந்தவர் அதனைக் கையிலெடுக்கின்றார். அது அவருடைய விரலை நக்குகின்றது. அந்தக் கணத்தில் ஓர் உறவு தொடங்கிவிடுகிறது. இவ்வழக்கம் எங்கே தோன்றியது? எவருடைய ஏளனத்தைத் தாங்கி வளர்ந்தது? அதன் பொருட்டு மனிதர் கற்க நேர்ந்த கசப்பான பாடம் யாது? இவ்வினாக்களுக்கு விடை காண விரும்புவோர் 1860-ஆம் ஆண்டின் இலண்டன் மாநகருக்குச் செல்லவேண்டும்.

அந்நாளில் உலகின் மிகப் பெரிய நகரம் இலண்டன். ஏறத்தாழ 28 இலட்சம் மக்கள் அங்கே வாழ்ந்தனர். நாட்டுப்புறங்களிலிருந்து பிழைப்புத் தேடி மக்கள் வந்து குவிந்த வண்ணம் இருந்தனர். இத்தகைய நெரிசலிலே வழி தவறிய நாய்களும், வளர்த்தவராற் கைவிடப்பட்ட நாய்களும் தெருத்தெருவாய் அலைந்தன. இரை கிடைத்த நாளில் உண்டன. கிடையாத நாளில் சுவரோரம் சுருண்டு கிடந்தன. அவற்றைக் கண்டோர் கல்லெறிந்தனர். அல்லது காணாதவர் போற் கடந்து சென்றனர்.

நகரின் வடபாலுள்ள ஹொலோவே என்னும் பகுதியில் மேரி ரீல்பி என்ற அம்மையார் வாழ்ந்து வந்தார். 1801-ஆம் ஆண்டிற் பிறந்தவர். அப்போது அவருக்கு அறுபது வயதை அணுகிக்கொண்டிருந்தது. கணவரைப் பிரிந்து, மதகுருவாகிய தம் சகோதரரோடு வாழ்ந்தவர். பெரும் பதவியோ பெருஞ் செல்வமோ அவரிடம் இல்லை. ஒருநாள் தம் தோழியொருத்தியின் வீட்டுக்குச் சென்றபோது, அவ்வீட்டு அடுக்களையிலே பசியால் மெலிந்த நாயொன்று கிடப்பதைக் கண்டார். தோழி தெருவிலிருந்து அதனை எடுத்து வந்திருந்தாள். இருவரும் சேர்ந்து அதனைப் பேணினர். எவ்வளவு முயன்றும் அந்நாய் பிழைக்கவில்லை.

அத்துடன் அம்மையார் மனம் ஆறியிருக்கலாம். 'நம்மால் இயன்றதைச் செய்தோம்' என்று சொல்லி அமைதி கொள்வதே உலக வழக்கு. ஆனால் மேரி ரீல்பி அவ்வாறு அமையவில்லை. தெருவிற் கிடந்த வேறு நாய்களைத் தம் வீட்டுக்கே கொண்டுவரத் தொடங்கினார். பாத்திரம் கழுவும் அறையிலே அவை தங்கின. அவ்வறை நிரம்பியதும், ஹொலிங்ஸ்வேர்த் வீதியிலிருந்த பழைய குதிரை லாயங்களைப் பெற்று அங்கே அவற்றைக் குடியமர்த்தினார். 1860-ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில், 'தொலைந்துபோன, பசித்த நாய்களுக்கான தற்காலிக இல்லம்' என்ற பெயரில் அந்நிலையம் உருப்பெற்றது.

'தற்காலிக இல்லம்' என்ற பெயரைச் சற்றுக் கவனித்தல் வேண்டும். நாய்கள் வாழ்நாள் முழுதும் அங்கே கிடக்கவேண்டும் என்று அம்மையார் கருதவில்லை. தொலைத்தவர் தேடிவந்தால் அவரிடம் நாயை ஒப்படைப்பது, எவரும் வாராவிடின் நல்ல மனம் படைத்த வேறொருவரிடம் சேர்ப்பது, இதுவே நோக்கம். அந்த இல்லம் இரு வீடுகளுக்கிடையே உள்ள ஒரு தங்குமடம். இன்று உலகெங்கும் உள்ள நாய்க் காப்பகங்களின் அடிப்படைத் தத்துவமும் அதுவேயாகும்.

செய்தி பரவியதும் நகைப்பு எழுந்தது. நாய்க்கு ஓர் இல்லமா என்று பலர் வியந்தனர், ஏளனம் செய்தனர். நாட்டின் பெரும் பத்திரிகையாகிய 'ரைம்ஸ்' இம்முயற்சியைக் கேலி செய்து எழுதியது. மனிதர் பசித்திருக்கும் நகரத்தில் நாய்க்குச் சோறிடுவது அறிவுடைமை ஆகுமா என்ற கேள்வியும் எழுந்தது.

இக்கேள்வியைப் பொருளற்றதெனத் தள்ளிவிடல் தகாது. அன்றைய இலண்டனில் பிள்ளைகள் பட்டினி கிடந்தது உண்மை. ஆனால் வரலாறு இக்கேள்விக்கு எதிர்பாராத ஒரு விடையை வைத்திருந்தது. நியூயோர்க் நகரிலே 1866-ஆம் ஆண்டில் ஹென்றி பேர்க் என்பவர் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் ஒன்றை நிறுவினார். எட்டு ஆண்டுகளின் பின், 1874-இல், வளர்ப்புத் தாயாற் கொடுமைப்படுத்தப்பட்ட மேரி எலன் என்ற சிறுமியைக் காப்பாற்ற முயன்ற தொண்டர் ஒருவர், எங்கும் உதவி கிடையாத நிலையில் அதே பேர்க்கை நாடினார். சிறுமி மீட்கப்பட்டாள். அதன் பயனாகவே அந்நகரில் குழந்தை வதைத் தடுப்புச் சங்கம் தோன்றியது. இங்கிலாந்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. லிவர்பூல் நகரில் நாய்களுக்கு இல்லம் அமைக்க ஆதரவு தேடிய கூட்டமொன்றிலேதான், பிள்ளைகளுக்கும் அத்தகைய பாதுகாப்பு வேண்டும் என்ற குரல் எழுந்தது. 1883-இல் அங்கே குழந்தைகளுக்கான சங்கம் உருவாயிற்று. அடுத்த ஆண்டில் இலண்டனிலும் தோன்றியது. நாய்க்கு இரங்கியவர் பிள்ளையை மறந்தாரல்லர். பிறிதோர் உயிரின் துயரைக் கண்டு நிற்கப் பழகிய கண், தன் இனத்தின் துயரையும் காணாதிருக்கவில்லை.

ஏளனம் எழுந்த அதே காலத்தில், இங்கிலாந்தில் வேறொரு வழக்கமும் தோன்றிக்கொண்டிருந்தது. 1859-ஆம் ஆண்டு யூன் மாதத்தில் நியூகாசில் நகரில் ஒரு நாய்க் கண்காட்சி நடைபெற்றது. வேட்டைக்குரிய இரு வகை நாய்கள் மாத்திரமே அங்கு சேர்த்துக்கொள்ளப்பட்டன. வென்றவருக்குத் துப்பாக்கி பரிசாக வழங்கப்பட்டது. விரைவிலே இக்கண்காட்சிகள் நாடெங்கும் பரவின. 1873-இல் இலண்டனில் கென்னல் கழகம் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டில் நாய்களின் வமிசப் பதிவேடு வெளியாயிற்று. இன்ன நாயின் தந்தை இது, பாட்டன் இது என்று ஏட்டில் எழுதப்பட்டது. அவ்வேட்டில் இடம் பெற்றது உயர்ந்த நாய். இடம் பெறாதது இழிந்த நாய் என்ற எண்ணம் வேரூன்றியது.

அதற்கு முன்னும் வேட்டைக்கு ஒரு வகை, ஆட்டு மந்தை மேய்க்க ஒரு வகை, எலி பிடிக்க ஒரு வகை என நாய்கள் இருந்ததுண்டு. ஆனால் அவை செய்யும் தொழிலால் வகுக்கப்பட்டவை. பிறப்பை ஏட்டில் எழுதி, அவ்வேட்டைக் கொண்டே மதிப்பிடும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் படைப்பு. ஆளைக் கண்டதும் ஊரையும் குலத்தையும் வினாவும் பழக்கம் மனிதரிடத்தில் எங்கும் உண்டு. அப்பழக்கம் நாயையும் விட்டுவைக்கவில்லை. நம்மவர் பேச்சிலும் 'சாதி நாய்' ஒன்று, 'ஊர் நாய்' ஒன்று எனப் பிரித்துச் சொல்வதை நேயர் பலரும் கேட்டிருப்பர்.

இவ்விரு வழக்கங்களும் ஒரே நகரிலே சந்தித்தன. 1862-ஆம் ஆண்டில் இஸ்லிங்ரன் பகுதியிலே பெரியதொரு நாய்க் கண்காட்சி நடந்தது. அங்கிருந்து சிறிது தொலைவிலேயே ஹொலோவே இல்லம் இருந்தது. புகழ் பெற்ற நாவலாசிரியர் சாள்ஸ் டிக்கின்ஸ் அப்போது நடத்திவந்த வார இதழில், 'இரு நாய்க் கண்காட்சிகள்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. எழுதியவர் இரண்டு இடங்களுக்கும் சென்றார். ஓரிடத்தில் கொழுத்துப் பொலிந்த பரிசு நாய்களைக் கண்டார். மற்றோரிடத்தில் மெலிந்து அழுக்கடைந்த, எவருக்கும் வேண்டாத நாய்களைக் கண்டார். இரண்டையும் அருகருகே வைத்துப் பேசி, இரண்டாவது இடத்தின்பால் வாசகரின் இரக்கத்தைத் திருப்பினார். ஏளனத்துக்குள்ளாகியிருந்த சிறு நிலையத்தை மக்கள் புதுக் கண்ணோடு நோக்க அக்கட்டுரை உதவிற்று.

மேரி ரீல்பி அம்மையார் 1865-ஆம் ஆண்டில் காலமானார். இல்லத்தின் முதல் ஐந்து ஆண்டுகளை மாத்திரமே அவர் கண்டார். அதன் பின் நிகழ்ந்தவற்றை அவர் கண்டிருப்பின் மகிழ்ந்திருப்பாரா, வருந்தியிருப்பாரா என்று கூறுவது கடினம்.

1867-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், இலண்டன் தெருக்களில் உடையவரின்றித் திரியும் நாய்களைப் பிடிக்கும் அதிகாரத்தைப் பொலிசாருக்கு அளித்தது. பிடித்த நாய்களுக்கு ஓரிடம் வேண்டும். ஏற்கனவே இருந்த இடமோ இந்த இல்லம். குரைப்பொலி தாங்காத அயலவரின் முறைப்பாடுகளும் பெருகின. எனவே 1871-இல் இல்லம் தேம்ஸ் நதியின் தென்கரையில், புகையிரதப் பாதைகளுக்கிடையே உள்ள பற்றர்சீ என்னும் இடத்துக்குப் பெயர்ந்தது. இன்றுவரை அங்கேயே உள்ளது. 1883-இல் பூனைகளும் சேர்க்கப்பட்டன. 1885-இல் விக்ரோரியா மகாராணியார் அதன் காப்பாளர் ஆனார். ஏளனம் செய்த நாடு அதனை ஏற்றுக்கொண்டது.

ஆனால் அக்காலத்தின் பேரச்சம் விசர்நாய்க் கடியாகும். அந்நோய் கண்டவர் பிழைப்பதில்லை. 1885-ஆம் ஆண்டு யூலை மாதத்தில், பாரிஸ் நகரில் லூயி பாஸ்ரர் என்னும் அறிஞர், விசர்நாய் கடித்த யோசப் மைஸ்ரர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தம் தடுப்பூசியைச் செலுத்தி அவனைக் காத்தார். மருத்துவத்தின் பெரு வெற்றி அது. எனினும் தெருவில் நாயைக் கண்ட மக்களின் அச்சம் அதனால் உடனே தணிந்துவிடவில்லை. நாய்களுக்கு வாய்க்கூடு அணிவிக்கவேண்டும் என்று ஆணைகள் பிறந்தன. வாய்க்கூடின்றித் திரிந்தவை பிடிக்கப்பட்டன. பற்றர்சீ இல்லத்துக்கு நாய்கள் வெள்ளம் போல் வந்தன.

உள்ளே வரும் வாசல் அகன்றது. வெளியே செல்லும் வாசல் குறுகியது. நாளும் வருவன பல. தம்மோடு கொண்டு செல்வோர் சிலர். இந்தக் கணக்கை எந்தக் கருணையாலும் மாற்ற இயலவில்லை. 1884-ஆம் ஆண்டில், மருத்துவர் பெஞ்சமின் வார்ட் ரிச்சட்சன் வகுத்த முறைப்படி, நாய்களை மயக்கமூட்டும் ஆவியால் வேதனையின்றிக் கொல்லும் அறையொன்று இல்லத்தில் அமைக்கப்பட்டது. பல்லாயிரக்கணக்கான நாய்கள் அங்கே மாண்டன. பசித்த நாயைப் பிழைப்பிக்க எழுந்த வீடு, எவரும் கேட்டு வாராத நாயைக் கொல்லும் வீடாகவும் ஆயிற்று.

இதனைச் செய்தவர் கொடியவர் அல்லர். நோயுற்று, பசித்து, தெருவிற் கிடந்து சாவதைக் காட்டிலும் இது மேல் என்று உண்மையாகவே அவர்கள் நம்பினர். ஆயினும் இவ்வரலாறு ஒரு பாடத்தை வெளிப்படையாகக் கற்பிக்கிறது. காப்பகம் மாத்திரம் நாயைக் காப்பாற்றுவதில்லை. காப்பகத்தின் வாசலுக்கு வந்து, 'இந்த நாயை என் வீட்டுக்குக் கொண்டுசெல்கிறேன்' என்று சொல்லும் மனிதரே அதனைக் காப்பாற்றுகின்றனர். அவர் வாராவிடின் அறக்கொடையும் அரசியின் ஆதரவும் அந்நாய்க்குச் சில நாட்களை நீட்டித் தருவனவே அன்றி வாழ்வைத் தருவன அல்ல. 1906-ஆம் ஆண்டின் சட்டம், பிடிபட்ட நாயை ஏழு நாட்கள் வைத்திருக்கவேண்டும் என்று விதித்தது. அந்த ஏழு நாட்களுக்குள் எவர் வருவார் என்பதே ஒரு சிற்றுயிரின் தலைவிதியாக இருந்தது.

எவருக்கும் வேண்டாதவை எனத் தள்ளப்பட்ட நாய்கள் எத்தகையவை என்பதை முதலாம் உலகப் பெரும்போர் காட்டிற்று. போர்முனையிலே தொலைபேசிக் கம்பிகள் குண்டு வீச்சால் அறுந்துபோகும். செய்தி கொண்டோடும் வீரர்கள் வழியிலே சுடப்படுவர். அவ்வேளையில் செய்தி கொண்டுசெல்ல நாய்களைப் பழக்கலாம் என்று ரிச்சட்சன் என்ற இராணுவ அதிகாரி கூறினார். முன்னர் சொல்லப்பட்ட மருத்துவர் வேறு, இவர் வேறு. 1917-இல் ஷூபரினெஸ் என்னும் இடத்தில் அவர் தலைமையில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று. அங்கே பழக்கப்பட்ட நாய்களிற் பல பற்றர்சீ இல்லத்திலிருந்தும் பிற நகரங்களின் நாய் இல்லங்களிலிருந்தும் கொண்டுவரப்பட்டவை. அவற்றுள் கலப்பின நாய்களும் இருந்தன. நேற்று வரை கேட்பாரற்றுக் கிடந்த அவை, சேற்றிலும் புகையிலும் ஓடிச் செய்தி சேர்த்து, மனித உயிர்களைக் காத்தன. வமிசப் பதிவேட்டில் அவற்றின் பெயர் இல்லை. போர்முனையில் எவரும் அதனைக் கேட்கவும் இல்லை.

பெரும் பணிக்குத் தெருநாயைத் தெரிந்தெடுத்த கதை மற்றொன்றும் உண்டு. அக்கதை துயரில் முடிவது. 1950-களில் சோவியத் அறிவியலாளர் விண்வெளிக்கு உயிர்களை அனுப்பிச் சோதிக்க எண்ணியபோது, மொஸ்கோ நகரத் தெருக்களில் அலைந்த சிறிய கலப்பின நாய்களைத் தேடிப் பிடித்தனர். பனியையும் பசியையும் தாங்கிப் பழகியவை அவை. செல்வமாய் வளர்ந்த நாய்களிலும் உறுதி வாய்ந்தவை என்பது அவர்களுடைய எண்ணம். அவற்றுள் ஒன்றே லைக்கா. ஏறத்தாழ ஆறு கிலோ எடையுள்ள பெண் நாய். அமைதியும் அன்பும் நிறைந்தது. பயணத்துக்கு முன்னர், ஆய்வுக்குழுவின் தலைவருள் ஒருவரான விளாதிமிர் யஸ்டோவ்ஸ்கி அதனைத் தம் வீட்டுக்குக் கொண்டுசென்று தம் பிள்ளைகளோடு விளையாட விட்டார். அதற்கு ஏதேனும் ஒரு நன்மை செய்யவேண்டும் என்று தமக்குத் தோன்றியதாகப் பின்னர் அவர் கூறினார்.

1957-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் ஸ்புட்னிக் 2 என்னும் விண்கலத்தில் லைக்கா அனுப்பப்பட்டது. திரும்பி வருவதற்குரிய ஏற்பாடு அக்கலத்தில் இருக்கவில்லை. புறப்பட்ட சில மணி நேரத்துக்குள் மிகு வெப்பத்தால் அது இறந்தது என்னும் உண்மை 2002-ஆம் ஆண்டிலேதான் வெளிப்பட்டது. அம்முயற்சியிற் பங்கு கொண்ட ஒலெக் கசென்கோ என்ற அறிவியலாளர், அந்நாயின் மரணத்தை நியாயப்படுத்துமளவுக்கு அப்பயணத்தால் எதனையும் கற்கவில்லை என்று 1998-இல் வருந்திப் பேசினார். உலகத்தைச் சுற்றிவந்த முதல் உயிர் என்ற புகழ் லைக்காவுக்கு உண்டு. 2008-இல் மொஸ்கோவில் அதற்குச் சிலையும் எழுந்தது. ஆனால் அதற்கு வாய்த்த வீடு, பிள்ளைகளோடு விளையாடிய அந்தச் சிறு பொழுது மாத்திரமே. ஒரு நாய்க்குப் புகழால் ஆவதொன்றுமில்லை. அது வேண்டுவது ஒரு வாசற்படியும், அப்படியிலே மாலை வேளையில் கேட்கும் பழகிய காலடியோசையுமே.

பிறப்பைக் கொண்டு நாயை மதிப்பிடும் முறைக்கு அண்மையில் அறிவியலும் ஒரு மறுப்புரை வழங்கியிருக்கிறது. 2022-ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க ஆய்வாளர் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் குணவியல்புகளை அவற்றை வளர்ப்போரிடம் கேட்டுத் திரட்டி, 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுக்களை ஆராய்ந்து, தம் முடிவை வெளியிட்டனர். கலப்பின நாய்களும் அவ்வாய்விற் பெருமளவு இடம் பெற்றிருந்தன. நாய்க்கு நாய் குணம் வேறுபடுவதில் இனத்தின் பங்கு ஏறத்தாழ 9 வீதமே என்று அவர்கள் கண்டனர். எஞ்சியதன் பெரும்பகுதியைத் தனி நாயின் இயல்பிலும் வளர்ப்பிலும் வாழ்ந்த சூழலிலுமே தேடவேண்டும். இது உயர்ந்த இனம், ஆகவே அன்புடையது. இது தெருவிற் பிறந்தது, ஆகவே நம்பத்தகாதது என்ற கணிப்புக்கு இங்கே ஆதாரம் இல்லை. மேரி ரீல்பி அம்மையார் அடுக்களையிலே கண்டதை ஆய்வுகூடம் 162 ஆண்டுகளின் பின் எண்ணிக் காட்டிற்று.

பற்றர்சீ இல்லம் தொடங்கிய நாள் முதல் இன்றுவரை 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களையும் பூனைகளையும் ஏற்றிருக்கிறது. 2023-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள் பிரித்தானிய அரசருக்கு முடிசூட்டு விழா நடந்தது. அவ்விழாவில் அரசியார் கமிலா அணிந்த ஆடையிலே பொன்னிழையால் இரண்டு சிறு நாய்களின் உருவம் பின்னப்பட்டிருந்தது. பெத், புளூபெல் எனும் பெயருடைய அவ்விரு நாய்களும் பற்றர்சீ இல்லத்திலிருந்து வந்தவை. அவற்றுள் புளூபெல், உடலெல்லாம் புண்ணாகி, உரோமம் உதிர்ந்து, காட்டிலே திரிந்த நிலையிற் கண்டெடுக்கப்பட்டது. கண்காட்சியிற் பரிசு பெற்ற நாயன்று, காட்டில் எறியப்பட்ட நாயே முடிசூட்டு விழாவின் பட்டாடையில் இடம் பெற்றது.

இனி, நம் நாட்டின் நிலையை நோக்குவோம். பிரித்தானியா, வாய்க்கூடு அணிவித்தல், வெளிநாட்டு நாய்களைத் தடுத்து வைத்தல் முதலிய கடும் விதிகளால் 1902-இல் விசர்நாய் நோயை முதன்முறையாக ஒழித்தது. இலங்கையிலோ 1893-ஆம் ஆண்டிலேயே அந்நோய் பற்றிய சட்டம் இயற்றப்பட்டிருந்தும், நோய் ஒழியவில்லை. 1973-ஆம் ஆண்டில் 377 பேர் அதனால் இறந்தனர். கட்டாக்காலி நாய்களைப் பிடித்துக் கொல்வதே நெடுங்காலம் கையாளப்பட்ட வழி. கொன்ற இடத்தில் வேறு நாய்கள் வந்து குடியேறின. எஞ்சியவை ஈன்று பெருகின. அண்டை நாட்டின் சென்னை மாநகரிலும் இதே கதை நிகழ்ந்தது. கொல்வதால் பயனில்லை, கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்து தடுப்பூசி போட்டு விடுவதே வழி என்று 1960-களிலிருந்து அங்கே விலங்கு நலத் தொண்டர்கள் வாதித்து வந்தனர். 1996-இல் அந்நகர ஆட்சி அவ்வழியை ஏற்றுக்கொண்டது. இலங்கை அரசு 2006-இல் கட்டாக்காலி நாய்களைக் கொல்வதை நிறுத்த முடிவு செய்தது. நாய்களுக்குத் தடுப்பூசி, கடியுண்டோருக்கு உடன் சிகிச்சை ஆகிய இரண்டாலும் இந்நாட்டில் அந்நோயால் நிகழும் மரணங்கள் முன்னைய அளவில் ஒரு சிறு பங்காகக் குறைந்துவிட்டன. ஒரு நாட்டின் நாய்களிற் பத்தில் ஏழுக்குத் தடுப்பூசி போடப்பட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இங்கே ஒரு நாயை வீட்டுக்கு எடுத்து வளர்ப்பவரின் செயல் அவ்வீட்டோடு நின்றுவிடுவதில்லை. அவர் ஒரு நாய்க்குத் தடுப்பூசி போடுகிறார். அயலிலுள்ள பிள்ளைகளுக்கு அது காவல். அவர் அதற்குக் கருத்தடை செய்விக்கிறார். நாளை தெருவில் பிறந்து, வாகனத்தில் அடிபட்டுச் சாகவிருந்த குட்டிகளின் துயர் தடுக்கப்படுகிறது. அவர் அதனைப் படலைக்குள்ளே வைத்து, மூன்று வேளையும் உணவிடுகிறார். குப்பை மேட்டில் ஓர் உயிரின் போராட்டம் ஓய்கிறது. அன்பும் பொதுநலமும் இவ்விடத்தில் ஒன்றாகிவிடுகின்றன.

தெருவிலிருந்து வந்த நாய் முதல் நாளே நெருங்கி வருவதில்லை. கட்டிலின் கீழும் கதவின் பின்னும் ஒளிந்துகொள்ளும். ஓங்கிய கையைக் கண்டால் உடலைக் குறுக்கும். அக்கை விளக்குமாற்றை எடுக்க உயர்ந்த கையே ஆயினும் அதற்கு அது தெரியாது. உணவை ஒருவரும் இல்லாதபோது உண்ணும். சில நாட்களில் வாசல் வரை வரும். சில வாரங்களில் காலடியிலே படுக்கும். பின்னர் ஒருநாள், வெளியே சென்ற வீட்டுக்காரர் திரும்பிவரும்போது, படலையடியில் காத்து நின்று துள்ளும். அந்த நாளை அடைய வேண்டுவது பொறுமை ஒன்றே. பொறுமை இல்லாதவர் அதனை எடுத்து வளர்க்க முற்படாதிருத்தல் நன்று. ஒருமுறை கைவிடப்பட்ட உயிரை இரண்டாம் முறையும் கைவிடுதல் முதற்கொடுமையிலும் பெரிது.

இக்கருத்து தமிழருக்குப் புதிதன்று. யானையனையவர் நட்பைக் காட்டிலும் நாயனையவர் நட்பே கொள்ளத்தக்கது என்று நாலடியார் போதிக்கிறது. ஊர்தோறும் உள்ள வைரவர் கோயில்களில் நாய் தெய்வத்தின் ஊர்தியாக நிற்கிறது. பாரதக் கதையின் முடிவில் தருமபுத்திரனைப் பின்தொடர்ந்து மலையேறிய நாய்க்குக் குலமும் இல்லை, பேரும் இல்லை. அதனை விட்டு வந்தால் சுவர்க்கம் உண்டு என்று சொல்லப்பட்டபோது, அடைக்கலம் புகுந்ததைக் கைவிடேன் என்று அவன் மறுத்து நின்றான். கோயிலிலே நாயை வணங்கி, கதையிலே நாய்க்காகக் கண்ணீர் விட்டு, தெருவிலே நாய்மீது கல்லெறியும் வழக்கத்தை எவ்வாறு விளக்குவது?

1860-ஆம் ஆண்டில் ஒரு முதிய பெண்மணி அத்தகைய முரண்பாட்டை ஏற்க மறுத்தார். அவர் பேணிய முதல் நாய் பிழைக்கவில்லை. அந்தத் தோல்வியிலிருந்தே மற்றவை பிழைத்தன. இன்றும் எங்கோ ஒரு காப்பகத்தில், கம்பிக் கதவின் பின்னால், குலமறியாத ஒரு சிறு நாய் ஒவ்வொரு காலடியோசைக்கும் செவியை நிமிர்த்துகிறது. வருபவர் தன் வமிசத்தைக் கேட்பாரா என்று அது அஞ்சுவதில்லை. அதற்கு அது தெரியாது. வருபவர் நிற்பாரா, கடந்து செல்வாரா என்பது ஒன்றே அதற்குள்ள கேள்வி. அக்கேள்விக்கு விடை சொல்லவேண்டியவர் மனிதரே.